இடப்பக்கம் நியூஜெர்சி

— அண்ணே, சும்மா மழுப்பாதிய. நியூஜெர்சியா டெக்சாஸா, ஒண்ணச் சொல்லுங்க. நமக்குத் தெரிஞ்சதுல ரெண்டு ஊர்லயும் குடியிருந்த ஆளு நீங்கதான்.

— ஏட்டி ஜோதி, நான் வந்து எறங்கி ஒரு மணி நேரம் ஆகல. ஒரு வாய் தோசைய முழுங்க விடு.

— முழுங்கிக்கிட்டே சொல்லுங்க. நோட்டை எடுத்து வெச்சிருக்கேன். இடப்பக்கம் நியூஜெர்சி, வலப்பக்கம் டெக்சாஸ். நடுவுல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டது ஒங்க மாப்ளைதான்.

— மாப்ளையா கோடு போட்டாரு?

— பின்ன? எங்கள அமெரிக்காவுக்குக் கூப்பிட நீங்க மனு போட்ட நாள்லேருந்து, பதினோரு வருசமா, வெள்ளிக்கிழமை சாயா குடிக்க உக்காந்ததும் அவிய கேக்குற மொதக் கேள்வியே, "என்ன ஜோதி, இன்னைக்கு நியூஜெர்சியா டெக்சாஸா?" தான். பெறவு ஆளுக்கொரு வரி எழுதுவோம்.

— அவரு எங்க இப்போ?

— மச்சான் வந்திருக்காவன்னு நெய்மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருக்காவ. இப்ப வந்துருவாவ. நீங்க பேச்ச மாத்தாதிய.

— சரி, எழுதிக்கோ. ஆக்சுவலா டெக்சாஸ்தான் பெஸ்டு. நியூஜெர்சியில ரெண்டு ரூமுக்குக் குடுத்த காசுக்கு அங்கன அஞ்சு ரூமும் தோட்டமும், கேட்டியா. மாநிலத்துக்குன்னு தனியா வருமான வரியும் கெடையாது.

— அஞ்சு ரூமைப் பெருக்குறது யாரு? வெயிலு எப்பிடி?

— வெயிலு இருக்கத்தான் செய்யும். ஒங்க பஹ்ரைன் மாதிரிதான்.

— அதுக்கு நான் இங்கன பஹ்ரைன்ல, இந்தக் குதைபியாவுலயே இருந்துட்டுப் போறேன். இருவது வருசமா ஏசி மூஞ்சியப் பாத்தாச்சு. எனக்குப் பனி பெய்யுறதப் பாக்கணும்.

— பாக்க நல்லாத்தான் இருக்கும். காலையில மம்பட்டியால அள்ளிப் போட்டாத்தான் காரு வெளிய வரும், ஆக்சுவலா.

— காருதான் பெரச்சினையே. டெக்சாஸ்ல கறிவேப்பிலை வாங்கக்கூட கார் எடுக்கணும்னு நீங்கதானே போன்ல சொன்னிய. இங்கன நான் படியெறங்கினா கடை. நியூஜெர்சியில நடந்தே கடைக்கும் கோயிலுக்கும் போலாமா, இல்லியா?

— நாங்க இருந்த தெருவுல போலாம்.

— அப்ப இடப்பக்கம் ஒரு டிக்கு. ஏன் தோசைய அப்பிடியே வெச்சிட்டிய?

— போதும்டி. பிளேன்ல சாப்பிட்டதே நெஞ்சுல நிக்கி.

— சரி, இதக் கேளுங்க. மாடி வீட்டு ஜெயபாரதி இருக்கால்லா? அவ தம்பி நமக்கு ரெண்டு மாசம் பெறவுதான் அவளுக்கு மனு போட்டான். போன வாரம் அவளுக்கு லெட்டர் வந்துட்டு. விசா இன்டர்வியூவுக்கு ரெடியாவணுமாம்.

— அப்பிடியா.

— அப்பிடியாவா? அவளுக்கே வந்துட்டுன்னா நமக்கு வந்தது எங்க? "ரசீது நம்பரக் குடு, நெட்ல பாத்துச் சொல்லுதேன்"னா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பதினோரு வருசமா எந்த ஊரு, எந்த ஊருன்னு கேட்டிருக்கேனே தவிர, நம்பர ஒரு தடவ கேக்கல.

— அது வீட்டுல ஃபைல்ல கெடக்கும்.

— நல்லது. அண்ணிக்குப் போன் போட்டுக் கேளுங்க. போன் கார்டு இந்தா இருக்கு.

— இப்ப அங்கன ராத்திரி, ஜோதி.

— எழுப்புங்க. எம் மவ அகிலாவுக்குப் பத்தொம்பது முடிஞ்சிட்டு. இருவத்தொண்ணு ஆயிட்டுன்னா அவ பேரு நம்ம மனுவுல நிக்காதாம். பாதியில விட்டுட்டு வரணுமேன்னுதான் அவள நான் ஊர்ல காலேஜ்ல சேக்கல. கம்ப்யூட்டர் கிளாஸ்ல சும்மா உக்கார வெச்சிருக்கேன். எனக்கே இங்கன ஈசா டவுன் ஸ்கூல்ல டீச்சர் வேலை வந்துது. ரெண்டு வருசம் நிப்பியளான்னு கேட்டாவ. நிக்க மாட்டேன், நாங்க அமெரிக்கா போறோம்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்தேன். நம்பரு வேணும்ணே.

— நம்பரு இல்ல.

— தொலைஞ்சு போச்சா?

— மனுவே போடல, ஜோதி.

— வெளையாடாதிய.

— வெளையாடல.

— எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— போடல. தப்புதான்.

— தொண்ணூத்தாறுல போட்டாச்சுன்னு சொன்னது நீங்கதானே. இப்ப ரெண்டாயிரத்து ஏழு. வருசா வருசம் "வரிசை நகருது, நகருது"ன்னிய. எந்த வரிசை நகந்துது? கூடப்பொறந்தவள இப்பிடி ஏமாத்த ஒங்களுக்கு எப்பிடி மனசு வந்துது? பெத்த புள்ள படிப்பக் கெடுத்துட்டு உக்காந்திருக்கேன். ஒங்க தலையில வந்து விழுந்துருவேன்னு பயந்தியளா? அண்ணி வேண்டாம்னாவளா?

— அவ மேல பழி போடாத. ஃபாரத்த நிரப்பினதே அவதான். நான் கையெழுத்தும் போட்டு வெச்சேன். ஒன் பொறப்பு சர்டிபிகேட்டுதான் வரல.

— வரலியா? பச்சைக் கவர்ல போட்டு நானே ஒட்டினேன். ஆபீஸ் போற வழியில கூரியர்ல போடச் சொல்லி அவிய கையிலல்லா குடுத்தேன்.

— ஒரு மாசம் பாத்துட்டு ஆபீசுக்குப் போன் பண்ணினேன், கேட்டியா.

— யாரு ஆபீசுக்கு?

— மாப்ளை ஆபீசுக்கு.

— அவிய என்ன சொன்னாவ?

— வேண்டாம், விடு.

— சொல்லுங்க.

— "போட வேண்டாம் மச்சான். இங்கன நான் சூப்பர்வைசர். அங்க வந்து ஒங்க வீட்டுல உக்காந்து சாப்பிட என்னால ஆகாது. போட்டாச்சுன்னு மட்டும் ஜோதிக்கிட்ட சொல்லிருங்க, கொஞ்ச நாள்ல மறந்திருவா"ன்னாரு. எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நானும் நீ நாலஞ்சு மாசத்துல மறந்திருவன்னுதான் நெனச்சேன்.

— பொய்யி. இந்தா பாருங்க, போன வெள்ளிக்கிழமை எழுதினது. அவிய கையெழுத்துதான் இது. "நியூஜெர்சி: ஜோதிக்குக் கம்பளிக் கோட்டு வாங்கணும்."

— நோட்டு விசயம் எனக்குத் தெரியாது ஜோதி. இன்னைக்கு நீ சொல்லித்தான் தெரியும்.

— கதவு தெறக்குற சத்தம் கேக்கு. நீங்க ஒண்ணும் பேசாதிய.

— யல்லா, வாங்க மச்சான், ஒங்க யோகம், நெய்மீன் முழுசாக் கெடச்சிட்டு. அட, நோட்டை அதுக்குள்ள எடுத்தாச்சா? என்ன ஜோதி, இன்னைக்கு நியூஜெர்சியா டெக்சாஸா?