தலைகீழ்ச் சைக்கிள்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்:

“சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டினால்தானே அண்ணை, ஊரிலை சண்டை நேரம் எங்களுக்குச் செய்தி கேட்டது.”

கொத்துரொட்டிக்கு வந்த நான் பசியை மறந்து காதை நீட்டினேன்.

“ஓம் தங்கச்சி. கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. பெடலைக் கையாலை சுத்த, டைனமோவிலை ரேடியோ பாடும். கை உளைஞ்சால் செய்தியும் நிண்டுபோம். என்ன காலம் அது!”

“அதையே எங்கடை சங்கத்தாலை செய்வம். இஞ்சை ஸ்டாலின்கிராட் மெத்ரோவடியிலை கூடாரத்திலை கிடக்கிற சனத்துக்குப் போன் சார்ஜ் பண்ண வழியில்லை. அகதி விண்ணப்பத்துக்கு வரச்சொல்லி ரந்தேவு நேரம் குடுக்கிற மெசேஜும் தவறிப்போகுது. செய்யிற வரைபடத்தையும் ஓப்பன் சோர்ஸா இணையத்திலை போட்டால் ஆரும் பாத்துச் செய்யலாம்.”

“செய்வம். ஆனால் ஓப்பன் சோர்ஸ் எண்டு வரைபடத்தை எல்லாருக்கும் சும்மா விடாதேங்கோ. ஆரும் தங்கடை கண்டுபிடிப்பு எண்டு சொல்லிப்போடுவாங்கள்.”

“அப்ப டைனமோவிலை ரேடியோவை முதல் கொழுவினது ஆர்?”

“நான்தான்! ஒழுங்கை முழுக்க என்னைப் பாத்துத்தான் செய்தது.”

“எங்கடை ஒழுங்கையிலை என்ரை அண்ணர் தான்தான் எண்டவர். ஆராவது அதைப் பூட்டி வைச்சிருந்தால் எங்களுக்குச் செய்தியே கேட்டிராது.”

அவர் தலையைச் சொறிந்தார். “சரி, திறந்து விடுவம். கீழை என்ரை பேரை மட்டும் சின்னனாப் போடுங்கோ.”

இருவரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. டைனமோவில் ரேடியோவை முதன்முதலில் கொழுவியவன் நான்.