கார்ட்டிசாலும் காலை ஆறே காலும்

ஜெயகிருஷ்ணன்: "மானுட உடல், அமைதியைத் தானே சுரந்துகொள்ளும் பேராலயம்!"... எப்படி இருக்கு சாவித்ரி? அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புக்கு, இன்னைய மெசேஜ்.

சாவித்ரி: பேராலயம் மோட்டாரை ஆஃப் பண்ணலைங்க. டேங்க் வழியுது.

ஜெயகிருஷ்ணன்: குரோம்பேட்டைல முப்பது வருஷம் ஜுவாலஜி எடுத்தவன் பேசறேன், மோட்டாராம்... கேளு. டென்ஷன் வந்தா கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏறும்.

சாவித்ரி: உங்களுக்கு ஏறினது இறங்கி நான் பாத்ததில்ல.

ஜெயகிருஷ்ணன்: இறங்கும்! அந்தக் கார்ட்டிசாலே மூளைக்குப் போயி, கஞ்சா மாதிரி ஒண்ணைச் சுரக்க வைக்கும். ஒரு மணி நேரத்துல அது வந்து, "போதும், உக்காரு"ன்னு கார்ட்டிசாலையே அடக்கும்.

சாவித்ரி: கஞ்சாவா! செக்ரட்டரி ராஜகோபால் போலீஸைக் கூப்பிடப் போறாரு.

ஜெயகிருஷ்ணன்: வெளியில வாங்கினாத்தான் குத்தம். இது உடம்பே பண்ணிக்கறது.

சாவித்ரி: சரி... அறுபது பேர்ல யாரு இதைப் படிக்கறாங்க?

ஜெயகிருஷ்ணன்: படிக்கறவங்க... படிக்கறாங்க.

சாவித்ரி: நேத்து அந்தப் படிச்சவங்க லிஸ்ட்டை நாலு தடவ திறந்தீங்களே. யாரைத் தேடினீங்க?

ஜெயகிருஷ்ணன்: சும்மா... ஒரு ஆய்வு.

சாவித்ரி: நம்ம சுப்ரஜாவையா?

ஜெயகிருஷ்ணன்: ...சண்டை போட்ட அன்னைக்கே ஃபேமிலி குரூப்பை விட்டுட்டா. இந்த குரூப்பை விடலையே! எட்டு மாசமா தினம் படிக்கறா. நேத்து ஆறே காலுக்குப் போட்டேன். ஆறு பதினாறுக்கு அவ பேர் வந்துடுச்சு!

சாவித்ரி: ஒன்பது மணி வரைக்கும் தூங்கற பொண்ணு...

ஜெயகிருஷ்ணன்: கல்யாணம் ஆனா மாறுவாங்க.

சாவித்ரி: "அப்பா வந்து கூப்பிட்டா வரேன்"னு சொல்லிட்டுத்தானே அந்த பிரசன்னாவோட போனா? பொத்தேரி என்ன டெல்லியா? தாம்பரத்துல ரயில் ஏறினா அரை மணி நேரம்.

ஜெயகிருஷ்ணன்: நான் எதுக்குப் போகணும்? தினம் படிக்கறான்னா கோபம் இறங்கிக்கிட்டே வருதுன்னு அர்த்தம். அவளே வருவா.

சாவித்ரி: அப்படி நினைச்சுத்தான் தூங்கறீங்களா?

ஜெயகிருஷ்ணன்: அவ பேரைப் பாத்தாதான் எனக்கு... ம். காப்பியே இறங்குது. ஏய், சட்டைய எதுக்கு எடுக்கற?

சாவித்ரி: போட்டுக்குங்க. பொத்தேரிக்குக் கிளம்புங்க.

ஜெயகிருஷ்ணன்: இன்னும் ஒரு வாரம் பாப்போமே. அதான் படிக்கறாளே...

சாவித்ரி: ஏங்க... அவ நம்பரையே மாத்திட்டா. பழைய போனை ஃபிரிட்ஜ் மேல வெச்சுட்டுத்தான் போனா, உங்க கண்ணுல படாம எடுத்து வெச்சுக்கிட்டேன். தினம் காலைல அதுக்குச் சார்ஜ் போட்டு உங்க மெசேஜைத் திறக்கறது நான்தான்.