எளச்ச புள்ளைக்கு மட்டும்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சங்கராபுரம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்ததால் நான் வந்த பஸ் நின்றுவிட்டது. முன்சீட்டில் மடியில் குழந்தையோடு கூலிவேலை செய்யும் பெண் ஒருத்தி. பக்கத்தில் நடுவயது அம்மாள் ஒருவர்.

"எடை போடறதுக்கு மொத நாளு இவளுக்குக் கஞ்சி ஊத்தமாட்டேங்க்கா" என்றாள் தாய்.

"இன்னாடி சொல்ற? பெத்தவதானா நீ?"

"எளச்ச புள்ளைக்குத்தான் பால்வாடில சத்துமாவு. மூத்தவ எடை ஏறிட்டான்னு அவ பேர அடிச்சிட்டாங்க. இவ மாவதான் ரெண்டு பேருக்கும் கரைச்சி ஊத்தறேன். இவ பேரும் போயிட்டா?"

அந்த அம்மாள் குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இந்த மாசமும் பட்டினி போட்டியா?" என்றார்.

"தேவைப்படலக்கா. மறியலால கரும்பு வெட்டு நின்னுபோச்சி. வூட்டுல எல்லாருமே பட்டினி. எடை தானா எறங்கிடுச்சி."

"அப்ப மாவு குடுத்திருப்பாங்களே?"

"இவ பேரதான் மொதல்ல எழுதனாங்க. மாவு ஏத்திக்கினு வர்ற லாரி வரல. நாளைக்கு வருதாம். மறுபடியும் எடை போட்டுத்தான் குடுப்பாங்களாம்."

அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினார். குழந்தை கையை நீட்டியது. தாய் அந்தக் கையைப் பிடித்து மடக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கி வேணாங்க்கா."