மூன்றாவது ஓட்டம்

ஜனவரி மாதம் எங்கள் ஊரில், கம்ப்யூட்டருக்குள் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு நல்ல காலம். அமெரிக்காவில், மினசோட்டாவின் வடக்குப் பகுதியில் இருக்கிற மற்றவர்கள் குளிரைத் திட்டுவார்கள். எங்களைப் போன்றவர்கள் ஜன்னலைத் திறந்து வைப்போம். கார்டு குளிர்ந்திருந்தால் அதன் மெமரியை, செய்தவர்கள் சொன்ன வேகத்துக்கு மேலே தள்ளலாம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம், பின்னால் தேவைப்படும்.

என் அண்ணன் ஆர்டன் இரும்புச் சுரங்கத்தில் முப்பது வருடம் தூசி தின்றவர். கடைசி இரண்டு வருடம் ஆக்சிஜன் இயந்திரம்தான் அவருக்கு மூச்சு. சுரங்கம் மூடியதும் எனக்கும் வேலை போனது, மனைவியும் போனாள். என் பெயர் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான்: யார் கார்டு அதிக வேகம் என்று நாங்கள் ஸ்கோர் போடும் இணையப் பட்டியலில், ஆறு வருடமாக முதலிடத்தில். நவம்பரில் கனடாவிலிருந்து ஒட்டாவாக்காரன் ஒருவன் பதினொரு புள்ளி வித்தியாசத்தில் என்னைத் தாண்டினான். அன்று அழுதேன். நாற்பத்தாறு வயதில் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

வடக்குக் காற்று நேராக வருவது ஆர்டனின் அறைக்குத்தான். கம்ப்யூட்டரை அங்கே கொண்டுபோனேன். பழைய வீடு; என் கம்ப்யூட்டரும் அவர் இயந்திரமும் சேர்ந்து ஓடினால் ஃப்யூஸ் போய்விடும். சமையலறையிலிருந்து ஒயர் இழுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். இழுக்கலாம்தான். ஆனால் ஒயர் கிடந்தால் கதவு சரியாக மூடாது, வீட்டுச் சூடு உள்ளே வந்து அறை சூடாகிவிடும். அதனால் கார்டின் வேகத்தை அளக்கும் சோதனை ஓட்டத்தின்போது மட்டும் அவர் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"டேய் ராய்ஸ், உன் பெட்டிக்கு வேர்க்குதுன்னு ஜன்னலத் திறக்கிற. என் மூக்கு உறையுது, அதுக்கு என்னடா செய்யப் போற?" என்றார் முதல் நாள்.

"ஒரே நிமிஷம்ணே."

"சின்ன வயசுலேயே நீ இப்படித்தான். ஏரியில ஐஸ் தாங்குமான்னு பாக்க என்னத்தானே முன்னாடி நடக்கவிடுவ?" என்று சிரித்தார். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

மெமரியை எடுத்தவுடன் உச்சத்துக்கு ஏற்றக் கூடாது. ஒரு படி ஏற்றி, சோதித்து, திரை உறையவில்லை என்றால் அடுத்த படி. அண்ணனையும் அப்படித்தான் ஏற்றினேன். பிளக் இல்லாமல் ஒரு நிமிடம், ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவியில் தொண்ணூற்று மூன்று. இரண்டு நிமிடம், எண்பத்தொன்பது. நான்கு நிமிடம், எண்பத்துநான்கு. ஸ்கோருக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தேன். நோட்டு உங்களிடம் இருக்கிறது.

புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. இந்த மெமரி தன் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும். எல்லை தாண்டினாலும் திரை உறையாது. உள்ளுக்குள் திணறும், ஸ்கோர் மட்டும் மெல்ல இறங்கும். உறையவில்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள் என்று எத்தனையோ பேருக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆர்டன் குறையொன்றும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெளியே மைனஸ் முப்பத்திரண்டு. அப்படியொரு குளிர் திரும்ப எப்போது வருமோ. பட்டியலில் ஏற மூன்று ஓட்டம் தொடர்ச்சியாக முடிய வேண்டும், ஒவ்வொன்றும் நான்கு நிமிடம். நடுவில் நிறுத்தினால் செல்லாது.

அவர் தூங்கிவிட்டார் என்று முன்பு உங்களிடம் சொன்னேன். அது பொய். இரண்டாவது ஓட்டத்தில் மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டினார். "ராய்ஸ்... மாட்டுடா" என்றார். பிளக் அவர் கைக்கு எட்டாது.

"இன்னும் ஒண்ணுதான்ணே," என்றேன்.

மூன்றாவது ஓட்டத்தில் அவர் தட்டவில்லை. விரல் கருவியில் அறுபத்தொன்று இருந்தது, பிறகு எண்ணே இல்லை. பார்த்தேன். திரையில் இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி இருந்தது. முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். என் ஸ்கோர் ஒட்டாவாக்காரனை மூன்று புள்ளி வித்தியாசத்தில் தாண்டியிருந்தது. ஸ்கோரைப் பதிவேற்றினேன், பிளக்கை மாட்டினேன், ஜன்னலை மூடினேன், அப்புறம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இந்த வரிசையில்தான்.

வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு திருத்தம் மட்டும். இங்கே அலட்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள் மேடம். ஒவ்வொரு படியையும் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்றினேன்.