மாரப்பன் போட்ட கவர் தடை

ஏனுங்க, அந்தக் கவர இப்படிக் குடுத்துருங்க. கோவிச்சுக்காதீங்க. அருள்புரம் சந்தைக்குப் புதுசுங்களா? ரெண்டு மாசமா இங்க பிளாஸ்டிக் கவருக்குத் தடையுங்க. போட்டதே சந்தைக் கமிட்டித் தலைவரு மாரப்பன், இந்தா உங்க முன்னால நிக்கறனே, நாந்தான். தக்காளிய மடில கட்டிட்டுப் போகச் சொல்லலீங்க. அக்கட்ட வேப்பமரத்தடில பச்சைச் சேலை கட்டுன புள்ள துணிப்பை விக்குது பாருங்க. ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க தக்காளிக்கு நான் காவல்.

என்னங்க சிரிக்கறீங்க? ஓ, என்ற வண்டில எழுதியிருக்கறதப் பாத்துப் பனியன் கம்பெனிக்காரன்னு கண்டுபுடிச்சுட்டீங்களா? கேளுங்க, நல்லாக் கேளுங்க. ஆமாங்க, நம்ம கம்பெனில ஒவ்வொரு பனியனுக்கும் ஒரு கவரு மாட்டித்தான் பொட்டில அடுக்கறோம். எங்கூட்ல சம்சாரமும் இதத்தான் கேக்கறா. அதுக்கும் வழி பாக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.

பை தாங்குமான்னு பயப்படாதீங்க. மொதல்ல பனியன் வெட்டுத் துணிலதான் தச்சுது அந்தப் புள்ள. திருப்பூர்ல பொறந்ததுக்கு வேற துணி ஞாபகம் வருங்களா? பின்னல் துணியல்லோ, இழுத்த பக்கம் வரும். சந்தைக்கு வந்த தெய்வாத்தாக்கா அதுல அஞ்சு கிலோ வெங்காயம் போட்டுட்டுப் போனாங்க. பஸ் ஸ்டாப்பு போறதுக்குள்ள பை கெண்டக்காலு வரைக்கும் எறங்கிப்போச்சு. சந்தையே சிரிச்சுது. அந்தப் புள்ள மொகம் சுண்டிப்போச்சுங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல. சாமளாபுரத்துல தறி போட்டிருக்கற லிங்கசாமியப் புடிச்சு, கெட்டியா நெய்யச் சொல்லி, மிச்சம் விழுந்த துணின்னு அவளுக்குக் குடுக்க வெச்சேன். எம்பேரு வெளிய வரக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன்.

எதுக்குன்னா கேக்கறீங்க? மாடு கவரத் தின்னு சாவுது, சாக்கடை அடைக்குதுன்னு கமிட்டில தொண்ட கட்டற வரைக்கும் பேசுனேன். அதெல்லாம் நெசந்தானுங்க. ஆனா கவரு சும்மா கெடைக்கறப்ப பைய ஆரு காசு குடுத்து வாங்குவா, சொல்லுங்க. அந்தப் பை விக்கறது எம் மகளுங்க, சாரதாமணி. நம்ம கம்பெனில ஓவர்லாக் தையல் மிசினு ஓட்டுன சகாயராஜக் கட்டிக்கிட்டா. தெக்கத்திக்காரரு, கும்புடறதும் வேற சாமி. என்ற ஊட்டு வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னவன் நாந்தான். அஞ்சு வருசமா அவளும் மிதிக்கல. ரோசத்துல என்னையவே உரிச்சு வெச்சிருக்கறா. எனக்குத்தான் முடியலீங்க, அவளப் பாக்காம இருக்க முடியல.

சரி போங்க, நேரமாச்சு. மாரப்பன் அனுப்புனார்னு சொல்லிப் போடாதீங்க, விக்க மாட்டா. வாங்கறப்ப இந்தப் பக்கம் திரும்பியும் பாக்காதீங்க. நீங்க பாத்தீங்கன்னா அவளும் பாப்பா.

ஏனுங்க... பாத்தாப் பாக்கட்டும், போங்க.