கழற்றி வைத்த போர்டு

வடசேரியிலிருந்து மண்டைக்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஏதோ பல்கலைக்கழகத்தில் மாணவர் சுகாதார மையத்துக்குப் பொறுப்பாளர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மற்றவள் அவளோடு படித்தவள்.

“அந்த மனநல ஆலோசனை போர்டை நானே கழத்தி வச்சிட்டேன் மக்கா,” என்றாள் பொறுப்பாளர்.

“ஏட்டி, மேல உள்ளவங்க கேக்க மாட்டாவளா?”

“கேக்கட்டு. ஆறு மாசமா ஒரு பிள்ளை உள்ள வரல்ல. அந்த வாசல்ல நின்னாலே ஹாஸ்டல்ல கிண்டல் பண்ணுதாவ. அதான் கவுன்சிலரைக் காய்ச்சல் பாக்குற ரூம்லயே உக்கார வச்சேன். அங்க வந்தா ஏன் வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாவ.”

“பொறவு வந்துதுவளா?”

“ஒருத்தி தலைவலின்னு மூணு நாள் வந்து மாத்திரை வாங்கினா. நாலாம் நாள் உக்காந்து அழுதுட்டா. ரெண்டு பேப்பர் போச்சு, துபாய்ல இருக்க அப்பாட்ட சொல்லப் பயம், படிப்பையே விட்டுட்டுப் போறேன்னா.”

“யாருட்டி?”

“பேரெல்லாம் சொல்ல மாட்டேன். கவுன்சிலர் பக்கத்துல இருக்க, அவளே அப்பாவுக்குப் போன் போட்டா. ஸ்பீக்கர்ல போட்டா, நானும் அங்கதான் இருந்தேன். அந்த மனுசன் முழுசும் கேட்டுட்டு, ‘மறுபடி எழுதலாம் மக்கா, நீ சாப்பிட்டியா?’ன்னாரு. எனக்கே கண்ணு நிறைஞ்சிட்டு.”

“எழுதினாளா?”

“போன வாரம் எழுதிட்டா.”

“பாஸாயிருவாளா?”

“அது தெரியாது. ஆனா இப்ப நல்லா உறங்குதாளாம்,” என்று சிரித்தாள்.