பதினோராம் வளைவில் ஒரு விளக்கு

எனக்கு வண்டியைப் பின்பக்கமாக எடுக்க வராது. முன்னால் போகச் சொன்னால் மலையையே சுற்றி வருவேன். பின்னால் எடுக்கச் சொன்னால் ஒரு கோழியையாவது அலற வைக்காமல் எடுத்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோழி எதுவும் குறுக்கே வரவில்லை. பதினோராம் வளைவில் நான்கு இரும்புக் கால்களில் நின்ற சின்னக் கெபிதான், புனிதருக்கு வைக்கிற சாலையோரக் கூடுதான், வந்தது. கண்ணாடிக் கதவு, எண்ணெய் விளக்கு, வண்டி ஓட்டுகிறவர்களைக் காக்கிற புனித கிறிஸ்தோபர், எல்லாவற்றையும் பள்ளத்தில் தள்ளிவிட்டேன்.

காவல் நிலையத்துக்கு நானே போனேன். சார்ஜென்ட் ஆசிமீனா இருந்தாள். அவள் பல் முளைத்த வயதில் அவர்கள் வீட்டுக்குக் குழாய் பொருத்தியவன் நான். அது இன்னும் ஒழுகுகிறது என்று இன்றைக்கும் சொல்வாள்.

“எந்தக் கெபி, பாண்டெலிஸ் மாமா?”

“பதினோராம் வளைவுல. நான் வச்சதுதான். நானே இடிச்சுட்டேன்.”

“உங்க மேல நீங்களே புகார் குடுக்க வந்தீங்களா? சரிதான். படிவம் இருக்கான்னு பாக்குறேன்.”

படிவம் இருந்தது. அதில், கெபி யாருக்காக வைக்கப்பட்டது என்று ஒரு கேள்வியும் இருந்தது. எங்கள் மலையில் இரண்டே காரணத்துக்குத்தான் வளைவில் கெபி வைப்பார்கள். விழுந்து செத்தவனுக்காக அவன் வீட்டார் வைப்பார்கள். விழாமல் தப்பித்தவன் நன்றிக்காக வைப்பான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

“ரெண்டுல எது, மாமா?”

“ரெண்டும்தான்.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு கட்டு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

“நடந்ததை நடந்தபடி எழுதுங்க. ஜோக் வேணாம்.”

முயற்சி செய்கிறேன்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நீலக் கார் வாங்கினேன். இரண்டே கதவு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் பின் இருக்கைக்கு யாரும் சண்டை போடவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் என் மனைவி எவாந்தியாவும் கடற்கரையிலிருந்து மலை ஏறுவோம். பதினான்கு வளைவுகள், அதற்கு மேலே பெட்ரோவூனி ஊர், அங்கே லூகாஸ் கடையில் வாட்டிய ஆட்டுக்குட்டி. வாரம் முழுக்க ஊரார் வீட்டுக் கழிவறைகளுக்குள் தலையை விட்டுக் கிடக்கிறவனுக்கு அந்த ஏற்றம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. நேரம் பார்த்து ஓட்டுவேன். பன்னிரண்டு நிமிஷத்துக்குள் ஒருமுறையும் மேலே போய்ச் சேர்ந்ததில்லை.

எங்கள் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு முன்னால் ஹார்னை இரண்டு தடவை சுருக்கமாக அடிக்க வேண்டும். முதலில் அடித்தவனுக்கு வழி. கேட்டவன் நிற்க வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. தாய்ப்பாலோடு வருவது.

கார் வாங்கிய அந்த வருஷமே ஒரு ஞாயிறு, பதினோராம் வளைவில் நான் அடிக்கவில்லை. எவாந்தியா தூங்கிக்கொண்டிருந்தாள். வாயை லேசாகத் திறந்து, கைப்பையை மடியில் அணைத்தபடி அப்படியொரு தூக்கம். எழுப்ப மனசு வரவில்லை. அன்புதான் காரணம் என்று இத்தனை வருஷம் நம்பினேன்; பெரும்பாலும் அது உண்மைதான்.

நடந்தபடி எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். எதிரே வந்தவன் அடித்தான். இரண்டு தடவை, ஒழுங்காக. எனக்குக் கேட்டது. நான் நின்றிருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதே நிமிஷம் ஆகியிருந்தது.

வளைவில் ஒரு பழைய வெள்ளை வேன். ஓட்டியவர் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, ‘நான்தான் அடிச்சேனே’ என்பதுபோல ஒரு முகம். அவர் எனக்கு வழி விட்டார். விடுவதற்கு அவர் பக்கம் இடம் இல்லை. என் காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. கற்கள் சரியும் சத்தம்தான் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை.

அடுத்த வளைவில் ஹார்ன் சத்தம் கேட்டது, பள்ளத்திலிருந்து. விழுகிற வண்டியில் ஹார்ன் சிக்கிக்கொள்வது உண்டு. எவாந்தியா கண் விழித்தாள்.

“என்ன சத்தம் அது?”

“எவனோ ஹார்ன் அடிக்கிறான். நீ தூங்கு.”

பதினொன்றரை நிமிஷத்தில் மேலே போய்ச் சேர்ந்தோம். அதுவரை அப்படிப் போனதே இல்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

லூகாஸின் கடை மலை விளிம்பில் இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் பள்ளத்தின் சத்தமெல்லாம் தட்டில் வந்து விழும். இரண்டு சின்னச் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு.

ரொட்டி வைக்க வந்த லூகாஸ் காது கொடுத்துக் கேட்டார். “யாருடா அது, இன்னும் வளைவுலேயே நின்னு வழி கேட்டுட்டு இருக்கான்?”

“பொண்டாட்டியத் திட்டத் தைரியம் இல்லாதவன். ஹார்னைத் திட்டிட்டு இருக்கான்” என்றேன்.

பக்கத்து மேசையும் சேர்ந்து சிரித்தது. நான் நன்றாகப் பேசுவேன் என்று எல்லோரும் சொல்வார்கள். இறைச்சி வந்தது. அதன் பிறகு பாலாடைக்கட்டி. தர்ப்பூசணி வெட்டி வைத்தபோது சத்தம் நின்றது. பாட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மனசு லேசானது.

மறுநாள் காலை ஆடு மேய்க்கிறவன் ஒருவன் வேனைக் கண்டுபிடித்தான். செத்தவர் பெயர் ஃபோட்டிஸ். தன் தேனீப் பெட்டிகளைப் பார்க்க வந்தவர். தூங்கிப்போய் விழுந்திருப்பார் என்று ஊர் முடிவு கட்டியது. நான் மறுக்கவில்லை.

நாற்பதாம் நாளுக்குள் கெபியை வைத்துவிட்டேன். நானும் அங்கே விழப் பார்த்தேன், புனிதர் காப்பாற்றினார் என்று சொன்னேன். ஊருக்குள் எனக்குப் பக்திமான் என்று பெயர். வருஷ நினைவுக்கு ஃபோட்டிஸின் அக்கா காலிரோயி வேகவைத்த கோதுமைப் படையலோடு வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“என் தம்பிக்கா இதெல்லாம் செய்யறீங்க? முன்னப்பின்ன பாத்ததில்லையே அவன நீங்க” என்றாள்.

“பாத்திருக்கேன். ஒரே ஒரு தடவ” என்றேன்.

என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். கை எண்ணெயாக இருக்கிறது என்று சொன்னேன். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? பதினெட்டு வருஷமாக, வருஷம் தவறாமல் முத்தமிடுகிறாள். ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். வாய் தானாகவே தேன் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். எவாந்தியா அந்த ஞாயிறுக்குப் பிறகு காரில் தூங்கியதே இல்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்பதற்கு அவளும் இல்லை.

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அவர் விழுந்த உடனே போய்விட்டாரா? பாதிரியாரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். கடவுளுக்குத்தான் தெரியும் என்றார். டாக்டர், “சிலர் உடனே போவாங்க, சிலர் போகமாட்டாங்க, உனக்கெதுக்குய்யா அது, குழாயப் பாரு” என்றார். சிக்கின ஹார்ன் எவ்வளவு நேரம் கத்தும் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். பாட்டரியைப் பொறுத்தது என்றான். மூன்றையும் கூட்டிப் பார்த்தால், அவர் உடனே போயிருக்கத்தான் வேண்டும் என்று வருகிறது. இறங்கிப் போயிருந்தாலும் என்ன செய்திருப்பேன்? நான் குழாய்க்காரன்.

இதுவரை எழுதியதை ஆசிமீனா வாங்கிப் படித்தாள். நிதானமாக, ஒரு வரியில் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். லூகாஸ் கடை வரி அது.

“உடனே போயிருப்பார்தானே?” என்று கேட்டேன். “ஹார்ன் சிக்கினதுதானே?”

அவள் சொன்னதையும் இங்கே எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்.

“சிக்கின ஹார்ன் ஒரேயடியாக் கத்தும், மாமா. ரெண்டு அடிச்சிட்டு நிறுத்தாது.”